ஃபால்ஃபாக்ஸ், ஃபால்ஃபிரி, கேப்பாக்ஸ்: முற்றிய குடல் புற்றுநோய்க்கு எந்தக் கீமோ யாருக்கு?

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துவிட்டு, கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்று டாக்டர் சொல்லும் அன்று யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. கேள்விகள் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். ஒரு டாக்டர் ஃபால்ஃபாக்ஸ் என்கிறார். இன்னொரு டாக்டரிடம் காட்டினால் ஃபால்ஃபிரி என்கிறார். தெரிந்தவர் ஒருவருக்கு ஊசி ஒருநாள்தான், மிச்சமெல்லாம் மாத்திரையாம்; அதன் பெயர் கேப்பாக்ஸ். மூன்றுமே கீமோ மருந்துக் கூட்டணிகள். இதில் எது நல்லது, யார் சொல்வது சரி என்று வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றில் எதை முதலில் தொடங்கினாலும் நோயை அடக்குவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் முழுக்கப் பக்கவிளைவில்தான். ஒன்று விரல் நரம்புகளைப் பிடிக்கும். இன்னொன்று வயிற்றைக் கலக்கும், முடியையும் கொண்டுபோகும். மூன்றாவது விரல்களோடு சேர்த்து உள்ளங்கைத் தோலையும் பதம் பார்க்கும். ஆகவே, இவர் வாழும் வாழ்க்கைக்கு எந்தத் தொல்லை தாங்கக்கூடிய தொல்லை என்று பார்ப்பதுதான் பாதி முடிவு. அந்த விவரம் நோயாளியிடம் இருக்கிறது. அவர் வாய்திறந்து சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

பெரிய வித்தியாசம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறேன்? 2004-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் 220 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முதலில் ஃபால்ஃபிரி, நோய் மீண்டும் வளர்ந்தால் ஃபால்ஃபாக்ஸ். மறுபாதிக்கு அப்படியே தலைகீழ். முதல் குழுவின் இடைநிலை ஆயுட்காலம் 21.5 மாதம், இரண்டாவது குழுவுடையது 20.6 மாதம். கட்டி சுருங்கியவர்கள் 56 சதவீதம், 54 சதவீதம். புள்ளியியல்படி இரண்டும் ஒன்றுதான். அப்புறம் வந்த மருந்துகளால் இந்த மாதக் கணக்குகள் நன்றாகவே நீண்டிருக்கின்றன, ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சமநிலை மாறவில்லை.

இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் என்று பொருள். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எண்ணைக் கேட்டதும் நாள்காட்டியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

## கீமோவைப் பேசும் முன் கையில் இருக்க வேண்டிய அறிக்கைகள்

இதைத் தாண்டிக் குதித்துவிட்டுக் கீமோவை ஒப்பிடுவது வீண். பயாப்சி எடுத்த திசுவிலேயே சில பரிசோதனைகள் செய்ய முடியும்.

முதலாவது எம்எஸ்ஐ. டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு கட்டியில் பழுதாகியிருக்கிறதா என்று இது சொல்லும். பரவிய நிலையில் உள்ளவர்களில் ஏறக்குறைய 100-க்கு 5 பேருக்கு இது ‘எம்எஸ்ஐ ஹை’ என்று வரும். அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் தலைப்பே பொருந்தாது. 2020-இல் வெளியான கீநோட்-177 ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து நோயை 16.5 மாதம் கட்டிவைத்தது, கீமோ 8.2 மாதம்தான். கடுமையான பக்கவிளைவும் 66 சதவீதத்திலிருந்து 22-க்கு இறங்கியது. 100-க்கு 5 என்பது சின்ன எண்தான். ஆனால் அந்த ஐவரில் ஒருவருக்குப் பரிசோதனை செய்யாமலே கீமோ ஏற்றினால் அது பெரிய தவறு.

இரண்டாவது ராஸ், பிராஃப் மரபணு மாற்றங்கள். கூடச் சேர்க்கும் மருந்து எது என்பதை இவை முடிவு செய்யும். அதோடு கட்டி குடலின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவதை நோயாளியின் இரத்தத்தில் பார்ப்பார்கள்: டிபிடி. இந்தக் கூட்டணிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையான 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை உடலுக்குள் உடைத்து அழிக்கும் நொதி இது. இது குறைவாக உள்ளவருக்குச் சாதாரண அளவே விஷமாகிவிடும். ஐரோப்பிய வம்சாவளியினரில் 100-க்கு 3 முதல் 8 பேருக்கு ஓரளவு குறை இருக்கும். ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் இருந்து சிகிச்சைக்கு முன்பே இதைப் பார்க்கச் சொல்கிறது. வழக்கமாகத் தேடும் நான்கு மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் ஐரோப்பியரிடம் கண்டறிந்தவை. மற்ற வம்சத்தவருக்கு ‘இல்லை’ என்று வந்தால் அதையே முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டிபிடி உடைக்க வேண்டிய யூராசில் என்ற பொருள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு வழி.

## எதை வைத்து எடைபோடுவது

என் கணக்கில் ஐந்து.

சிகிச்சையின் இலக்கு என்ன? கல்லீரலில் இருக்கும் கட்டிகளைச் சுருக்கி அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோவதா, இல்லை நோயை நீண்டகாலம் அடக்கி வைப்பதா? இது ஒன்று மற்ற நான்கையும் மாற்றிவிடும். டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் கேட்டே ஆக வேண்டும்.

எந்தப் பக்கவிளைவு மருந்தை நிறுத்தியதும் போய்விடும், எது தங்கிவிடும்? வயிற்றுப்போக்கு நின்றுவிடும். முடி முளைத்துவிடும். நரம்புப் பாதிப்பு அப்படியில்லை.

உடலில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? சிறுநீரகம், பிலிருபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறப்பொருள்) அளவு, சர்க்கரை நோய், இதயம், குடல் அடைப்பு.

வீட்டில் யார் இருக்கிறார்கள்? நள்ளிரவில் காய்ச்சல் அடித்தால் கவனிக்க ஆள் உண்டா? மாத்திரையை நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

கடைசியாக, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போகும்?

## ஃபால்ஃபாக்ஸ்

5-எஃப்யூ, அதற்குத் துணையாக லூக்கோவோரின், மேலே ஆக்சாலிப்ளாட்டின். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் ஏற்றிவிட்டு, மார்பில் தோலுக்கடியில் வைத்த போர்ட்டில் சின்ன பம்பை மாட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். அது 46 மணி நேரம் 5-எஃப்யூவைச் சொட்டுச்சொட்டாக விடும்.

எல்லாரும் பயப்படுவது வாந்திக்கு. இன்று அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, பெரும்பாலோர் சமாளித்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியது குளிருக்கும் விரல் நுனிக்கும்.

ஆக்சாலிப்ளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் தொட முடியாது. தொட்டால் மின்சாரம் பாய்ந்தது போல் சுரீர் என்கும். குளிர்ந்த தண்ணீரை விழுங்கினால் தொண்டை அடைத்துக்கொண்டது போலத் தோன்றும். மூச்சு நிற்கவில்லை, நரம்பு அப்படி உணர வைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஆள் நடுங்கிவிடுவார். பெரும்பாலோருக்கு இது வரும், அடுத்த ஊசிக்குள் போயும் விடும். என் பெரியப்பா ஃபிரிட்ஜைத் திறக்கவே கையுறை மாட்டிக்கொள்வார். நாங்கள் கிண்டல் செய்தோம். தெரியாத்தனம்.

உண்மையான செலவு இரண்டாவது வகைப் பாதிப்பு. அது சேர்ந்துகொண்டே வரும். முதலில் விரல் நுனி மரக்கும், பிறகு பாதம். சட்டைப் பொத்தான் மாட்ட முடியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது, இருட்டில் கால் எங்கே படுகிறது என்று தெரியாது. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 800 மில்லிகிராம் சுமாருக்கு வரும்போது, 100-க்கு 10 முதல் 15 பேருக்கு இது அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்குப் போகிறது. ஒரு முறைக்கு 85 மில்லிகிராம் என்று வைத்தால் ஒன்பது, பத்து சைக்கிளில் (ஒரு முறை மருந்து ஏற்றிக்கொள்வது ஒரு சைக்கிள்) அங்கே வந்துவிடுவோம். இன்னொரு வஞ்சகம் உண்டு: மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் இது கூடிக்கொண்டே போகலாம். ‘இன்னும் தாங்குகிறது, இரண்டு சைக்கிள் போடலாம்’ என்று நினைப்பவருக்கு உண்மையான பில் பின்னால் வரும்.

தடுக்க மருந்து உண்டா? கால்சியம், மெக்னீசியம் ஏற்றிப் பார்த்தார்கள். 2014-இல் வந்த பெரிய ஆய்வில் அது பலிக்கவில்லை. வலி வந்த பிறகு துலோக்செட்டின் என்ற மாத்திரை ஓரளவு கைகொடுக்கும், மரப்பைத் தடுக்காது. நம்பகமான ஒரே வழி ஆக்சாலிப்ளாட்டினை நேரத்தில் நிறுத்துவது. அதில் நல்ல செய்தி இருக்கிறது. 2006-இல் வெளியான ஆப்டிமாக்ஸ்-1 ஆய்வில் ஆறு சைக்கிளோடு ஆக்சாலிப்ளாட்டினை நிறுத்தி, மற்ற மருந்தை மட்டும் தொடர்ந்தார்கள். நோயை அடக்குவதில் கணிசமான இழப்பு எதுவும் தெரியவில்லை. ஆகவே மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் சொல்வதால் சிகிச்சை பறிபோய்விடாது. என் பெரியப்பா அப்படித்தான் பயந்து, பொத்தானைப் பெரியம்மா மாட்டிவிடுவதை எட்டாவது சைக்கிள் வரை மறைத்துவிட்டார்.

மற்றவை: வெள்ளையணு குறைவது, இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைவது, சில சைக்கிள் கழிந்த பிறகு திடீரென ஒவ்வாமை. முடி பொதுவாக மெலிவதோடு நிற்கும்.

யாருக்கு நல்லது: பிலிருபின் கூடியவர்களுக்கு, பிறவியிலேயே அது சற்றுக் கூடியிருக்கும் கில்பர்ட் நிலை உள்ளவர்களுக்கு, ஏற்கெனவே வயிற்றுப்போக்கால் அவதிப்படுபவர்களுக்கு, முடி போவதைத் தாங்க முடியாதவர்களுக்கு. சர்க்கரை நோயால் பாதம் முன்பே மரத்தவர், தையற்காரர், வீணை வாசிப்பவர், நாளெல்லாம் தட்டச்சு செய்பவர், குளிர்பதன அறையில் வேலை பார்ப்பவர்: இவர்களெல்லாம் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். முன்பு மூன்றாம் கட்டத்தில் ஆக்சாலிப்ளாட்டின் எடுத்து ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியிருந்தால், மறுபடியும் அதிலேயே தொடங்குவதில் பொருளில்லை.

## ஃபால்ஃபிரி

அதே 5-எஃப்யூ, அதே லூக்கோவோரின், அதே பம்ப், அதே இரண்டு வாரம். ஆக்சாலிப்ளாட்டின் இருந்த இடத்தில் இரினோடெக்கான்.

இதன் பெயர் சொன்னாலே வயிற்றுப்போக்குதான் நினைவுக்கு வரும். அது இரண்டு வகை, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மருந்து ஏறும்போதோ அன்றைக்குள்ளோ வயிற்றைப் பிடித்து இழுத்து, வியர்த்து, எச்சில் ஊறி வந்தால் அது முதல் வகை. அட்ரோபின் ஊசியில் அடங்கும். ஒரு நாள் கழித்து, பெரும்பாலும் வீட்டில் இருக்கும்போது வருவது இரண்டாவது வகை, ஆபத்தானதும் அதுதான். அதற்கு லோபராமைடை எடுத்துக்கொள்ளச் சொல்லும் முறை, சாதாரணப் பேதிக்கு எடுப்பதைவிடத் தீவிரமானது: முதல் இளகிய போக்கிலேயே 4 மில்லிகிராம், பிறகு இரண்டு மணிக்கொரு முறை 2 மில்லிகிராம், 12 மணி நேரம் போக்கில்லாமல் இருக்கும் வரை. 48 மணி நேரத்துக்கு மேல் அப்படித் தொடரக் கூடாது. கூடவே காய்ச்சல் இருந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. உங்கள் டாக்டர் எந்த அளவில் எழுதித் தருகிறாரோ அதைத் தாளில் வாங்கி, மாத்திரையோடு வீட்டில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பேதி தொடங்கிய பிறகு மருந்துக் கடையைத் தேடுவது தாமதம்.

முடி போகும், எல்லாருக்கும் முழுசாகப் போகாது, ஆனால் பலருக்குக் கண்ணாடியில் தெரியும் அளவு போகும். சோர்வு கூடுதல். வாய்ப்புண்ணும் குமட்டலும் ஃபால்ஃபாக்ஸைவிடச் சற்று அதிகம். இவை எல்லாமே மருந்தை நிறுத்தினால் திரும்பிவிடுபவை. நரம்பைத் தொடுவதில்லை என்பதால் பலன் இருக்கும் வரை பல மாதங்கள் தொடர முடிகிறது. எனக்கு இதுதான் ஃபால்ஃபிரியின் மதிப்பிடப்படாத பெருமை.

இரினோடெக்கானைக் கல்லீரல்தான் செயலிழக்க வைத்துப் பித்தத்தோடு வெளியே தள்ளுகிறது. யுஜிடி1ஏ1 என்ற நொதி பிறவியிலேயே மந்தமாக உள்ளவர்களுக்கு, அதாவது கில்பர்ட் நிலை உள்ளவர்களுக்கு, மருந்து உள்ளே தங்கி வெள்ளையணுக்களைத் தரைமட்டமாக்கும். ‘எனக்குச் சின்ன வயதிலிருந்தே கண் லேசாக மஞ்சளாக இருக்கும், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்’ என்ற ஒரு வரி இங்கே பெரிய தகவல். பித்தநாளம் அடைத்துக் காமாலை இருந்தாலோ குடல் அடைப்பு இருந்தாலோ இரினோடெக்கான் பக்கமே போகக் கூடாது.

யாருக்கு நல்லது: கைவிரலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு, ஏற்கெனவே நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு, சமீபத்தில் ஆக்சாலிப்ளாட்டின் எடுத்து முடித்தவர்களுக்கு.

## கேப்பாக்ஸ்

மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்சாலிப்ளாட்டின் ஊசி, கூட 14 நாள் காலையும் மாலையும் கேபசிட்டபைன் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. கேபசிட்டபைன் உடலுக்குள் போய் 5-எஃப்யூவாக மாறுகிறது. பம்ப் வேண்டாம், போர்ட் இல்லாமலும் நடத்தலாம். 24 வாரத்தில் ஃபால்ஃபாக்ஸுக்கு 12 முறை போக வேண்டும், பம்பைக் கழற்றப் போவது தனி. இதற்கு 8 முறை. கேட்டதும் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

பலனில் குறைவில்லை. 2,034 பேரைச் சேர்த்த என்ஓ16966 ஆய்வில் இடைநிலை ஆயுள் 19.8 மாதம், ஃபால்ஃபாக்ஸில் 19.6. பக்கவிளைவுதான் இடம் மாறியது. கடுமையான வெள்ளையணுக் குறைவு ஃபால்ஃபாக்ஸில் 44 சதவீதம், இதில் 7 சதவீதம். கடுமையான வயிற்றுப்போக்கு அங்கே 11, இங்கே 20.

மாத்திரை என்றதும் ‘லேசான கீமோ’ என்று நினைத்துவிடுகிறார்கள். இது அபாயமான நினைப்பு. ஊசியில் ஏதாவது தவறினால் நர்ஸ் பார்ப்பார். மாத்திரையில் பார்ப்பவர் நீங்கள்தான். வழக்கத்தைவிட நாலு முறை கூடுதலாக வயிறு போனாலோ, உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து வலித்தாலோ, அன்றைய மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியைக் கூப்பிட வேண்டும். ‘எழுதிக் கொடுத்ததை முடித்துவிட வேண்டும்’ என்று கட்டுப்பாட்டோடு விழுங்குகிறவர்கள்தான் மோசமாக மாட்டிக்கொள்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் பழக்கம் இங்கே உதவாது.

கைகால் தோல் உரிவது இதன் முத்திரை. சிவக்கும், எரியும், வெடிக்கும். நடக்கவே கஷ்டமாகும். 2024-இல் வெளியான டி-டார்ச் ஆய்வில், கேபசிட்டபைன் எடுத்தவர்கள் டைக்லோஃபெனாக் 1 சதவீத ஜெல்லைக் கைகளில் தடவியபோது நடுத்தர, கடுமையான பாதிப்பு 15 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாகக் குறைந்தது. மலிவான, கண்முன்னே கிடைக்கும் ஜெல். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மறைந்திருக்கும் கணக்குகள் சில. சிறுநீரகம் மந்தமானால் மருந்து தேங்கும். வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் கேபசிட்டபைன் கூடாது, 30-க்கும் 50-க்கும் நடுவே அளவைக் குறைக்க வேண்டும். வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தம் ஆபத்தான அளவு நீர்த்துப்போகலாம். வலிப்புக்கு எடுக்கும் ஃபெனிடாயினின் அளவும் ஏறும். ‘சத்துக்காக’ ஃபோலிக் அமில மாத்திரை சேர்த்தால் பக்கவிளைவு கூடும். வாந்தி அடிக்கடி எடுக்கிறவருக்கும் மாத்திரைகளைக் குழப்பிக்கொள்கிறவருக்கும் ஊசிதான் பத்திரம். அப்புறம், ஆக்சாலிப்ளாட்டின் இதில் குறைவு என்ற எண்ணம் தப்பு: 12 வாரத்தில் சதுர மீட்டருக்கு ஃபால்ஃபாக்ஸ் வழியே 510 மில்லிகிராம், கேப்பாக்ஸ் வழியே 520. நரம்புக்கு இரண்டும் ஒன்றே. கையின் இரத்தக்குழாயில் ஏற்றினால் அந்தக் கை பல மணி நேரம் வலிக்கும்.

வயதானவர்களுக்கு மாத்திரை இதமானது என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம்தான். வயதாலோ பலவீனத்தாலோ முழு அளவு கீமோ தாங்காதவர்களை மட்டும் சேர்த்த ஃபோகஸ்-2 ஆய்வில், கேபசிட்டபைன் எடுத்தவர்களின் வாழ்க்கைத் தரம் 5-எஃப்யூ ஊசியைவிட மேம்படவில்லை. கடுமையான பக்கவிளைவு 30 சதவீதத்துக்குப் பதில் 40 சதவீதம் வந்தது.

## மூன்றும் சேர்ந்த ஃபால்ஃபாக்ஸிரி

5-எஃப்யூ, ஆக்சாலிப்ளாட்டின், இரினோடெக்கான், எல்லாம் ஒரே நாளில். மேலே சொன்ன சமநிலையை உடைக்கும் ஒரே கூட்டணி இது.

ட்ரைப் ஆய்வில் 508 பேர். எல்லாருக்கும் பெவாசிசுமாப் என்ற துணை மருந்து (இதைப் பின்னால் பார்ப்போம்) உண்டு. ஃபால்ஃபிரி குழு நோய் வளராமல் 9.7 மாதம், இந்தக் குழு 12.1 மாதம். ஆயுள் 25.8, 29.8. விலை: கடுமையான வெள்ளையணுக் குறைவு 20.5-இலிருந்து 50 சதவீதம், கடுமையான வயிற்றுப்போக்கு 10.6-இலிருந்து 18.8. அந்த ஆய்வில் 75 வயதுக்கு மேல் யாரையும் சேர்க்கவில்லை. 70 தாண்டியவர்களில் முழுத் தெம்போடு இருந்தவர்களை மட்டுமே எடுத்தார்கள். தளர்ந்த உடலுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. நெதர்லாந்தில் நடந்த கெய்ரோ-5 ஆய்வு, கல்லீரலில் மட்டும் பரவி உடனே அறுக்க முடியாத நிலையில் இருந்தவர்களை எடுத்தது. வலப்பக்கக் கட்டியோ ராஸ், பிராஃப் மாற்றமோ உள்ளவர்களில், மூன்று மருந்தால் 51 சதவீதம் பேரின் கல்லீரல் கட்டிகளை முழுமையாக நீக்க முடிந்தது, இரண்டு மருந்தால் 37 சதவீதம். ஆனால் கடைசிக் கணக்கில் மொத்த ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, வயது குறைவு, உடல் தெம்பு, நோய் வேகம், கட்டி சீக்கிரம் சுருங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம், இத்தனையும் சேர்ந்தால் மட்டும் இதைக் கேட்கலாம். ‘இருப்பதிலேயே பலமானதைக் கொடுங்கள்’ என்று கேட்பதற்கான பெயர் இது இல்லை.

## ஒரே பார்வையில்

| | ஃபால்ஃபாக்ஸ் | ஃபால்ஃபிரி | கேப்பாக்ஸ் | ஃபால்ஃபாக்ஸிரி |
|---|---|---|---|---|
| எத்தனை நாளுக்கு ஒரு முறை | 14 | 14 | 21 | 14 |
| போர்ட், பம்ப் | வேண்டும் | வேண்டும் | பம்ப் வேண்டாம் | வேண்டும் |
| நரம்புப் பாதிப்பு | அதிகம், தங்கலாம் | இல்லை எனலாம் | அதிகம், தங்கலாம் | உண்டு |
| வயிற்றுப்போக்கு | மிதம் | அதிகம் | மிதத்துக்கு மேல் | அதிகம் |
| முடி | மெலியும் | பலருக்குப் போகும் | மெலியும் | பலருக்குப் போகும் |
| கைகால் தோல் | குறைவு | குறைவு | அதிகம் | குறைவு |
| வெள்ளையணுக் குறைவு | அதிகம் | மிதம் | குறைவு | மிக அதிகம் |
| தடையாகும் நிலை | மரத்த கைகால் | காமாலை, குடல் அடைப்பு | சிறுநீரகக் கோளாறு, வார்ஃபரின் | முதுமை, தளர்ந்த உடல் |

நான்குக்கும் பொதுவான ஒன்று அட்டவணையில் இல்லை. 5-எஃப்யூவும் கேபசிட்டபைனும் சிலருக்கு இதய இரத்தக்குழாயை இறுக்கி நெஞ்சுவலி தரும். முதல் சைக்கிளில் நெஞ்சு வலித்தால் வாயு என்று ஒதுக்க வேண்டாம், பம்பை நிறுத்தச் சொல்லி உடனே போங்கள். அதேபோல முதல் சில நாட்களிலேயே வாயெல்லாம் புண், கடும் பேதி, மனக்குழப்பம் என்று வந்தால் அது டிபிடி குறையாக இருக்கலாம். இதற்கு யூரிடின் ட்ரையசிட்டேட் என்ற மாற்றுமருந்து உண்டு, ஆனால் கடைசி டோஸ் முடிந்து 96 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

## கூடச் சேரும் மருந்து

கீமோவோடு இலக்கு மருந்து ஒன்றை, அதாவது கட்டி வளர உதவும் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் குறிவைக்கும் மருந்தை, சேர்ப்பது இன்று வழக்கம். ராஸ் மாற்றம் இல்லாமல் கட்டி இடப்பக்கம் இருந்தால் செட்டுக்சிமாப் அல்லது பனிட்டுமுமாப். பாரடைம் ஆய்வில் இடப்பக்கக் கட்டிக்காரர்களின் இடைநிலை ஆயுள் ஃபால்ஃபாக்ஸோடு பனிட்டுமுமாப் சேர்த்தபோது 37.9 மாதம், பெவாசிசுமாப் சேர்த்தபோது 34.3 மாதம். செட்டுக்சிமாப், பனிட்டுமுமாப் இரண்டிலும் முகமெல்லாம் பரு போல வெடிக்கும், மெக்னீசியம் இறங்கும். முகத்தைப் பார்த்து வேலை நடக்கும் தொழிலில் இருப்பவருக்கு இதுவும் ஒரு செலவு. இவற்றைக் கேபசிட்டபைனோடு சேர்ப்பதைத் தவிர்ப்பார்கள், ஆகவே இலக்கு மருந்து முடிவானதும் கேப்பாக்ஸ் தானாகவே பின்னுக்குப் போய்விடும்.

வலப்பக்கம், அல்லது ராஸ் மாற்றம் என்றால் பெவாசிசுமாப். இரத்த அழுத்தம் கூடும், சிறுநீரில் புரதம் போகும், ஆறாத புண் இருந்தால் ஆறாது. அறுவை சிகிச்சைக்குப் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பிராஃப் வி600இ மாற்றம் இருந்தால் கதை வேறு. அங்கே என்கோராஃபெனிப், செட்டுக்சிமாப், ஃபால்ஃபாக்ஸ் மூன்றையும் சேர்ப்பதுதான் இப்போது முன்னுக்கு வந்திருக்கிறது.

## சரி, யார் எதை எடுப்பது?

கல்லீரல் அறுவை சிகிச்சைதான் இலக்கு என்றால் வேகமாகச் சுருக்குவதை எடுங்கள், அதையும் நீட்டாதீர்கள். ஆக்சாலிப்ளாட்டின் கல்லீரலின் நுண்குழாய்களைக் கெடுக்கும், இரினோடெக்கான் கொழுப்பும் அழற்சியும் சேர்க்கும். அறுக்கலாம் என்ற நிலை வந்த அன்றே அறுப்பது, இன்னும் நாலு சைக்கிள் போட்டுப் பார்ப்பதைவிட நல்லது.

அடக்கி வைப்பது இலக்கு, உடலில் வேறு கோளாறு இல்லை என்றால், என் சாய்வு இப்படி: கைவிரல் பிழைப்புக்கு ஃபால்ஃபிரி. ஆஸ்பத்திரி தூரம், சிறுநீரகம் சுத்தம், வீட்டில் விவரமான ஆள் உண்டு என்றால் கேப்பாக்ஸ். இரண்டிலும் சேராதவர்களுக்கு ஃபால்ஃபாக்ஸ், ஆனால் ஆக்சாலிப்ளாட்டினை எப்போது நிறுத்துவோம் என்பதை முதல் நாளே பேசி வைத்துவிட வேண்டும். மிகவும் தளர்ந்தவருக்கு 5-எஃப்யூ அல்லது கேபசிட்டபைன் மட்டும், கூட பெவாசிசுமாப், அதுவே நியாயமான சிகிச்சை. ஃபோகஸ்-2 ஆய்வில் 80 சதவீத அளவில் தொடங்கி, தாங்கினால் கூட்டினார்கள். குறைந்த அளவில் தொடங்குவதைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் எடுக்காதது எங்கும் ஓடிப்போவதில்லை, இரண்டாவது சுற்றுக்குக் காத்திருக்கும். ஆனால் அந்தச் சுற்றுக்குத் தெம்போடு போய்ச் சேர வேண்டும். முதல் சுற்றிலேயே உடம்பை உருக்கிவிட்டால் அடுத்த மருந்து புத்தகத்தில்தான் இருக்கும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். எம்எஸ்ஐ, ராஸ், பிராஃப் முடிவுகள் வந்துவிட்டனவா? டிபிடி பார்த்தாயிற்றா? அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பிருக்கிறதா, கல்லீரல் சர்ஜன் படத்தைப் பார்த்தாரா? எத்தனை சைக்கிளுக்கு அப்புறம் ஸ்கேன்? எந்த அளவு மரத்தால் ஆக்சாலிப்ளாட்டினை நிறுத்துவீர்கள்? வாந்திக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டால் தூக்கமும் சர்க்கரையும் என்ன ஆகும்? 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இரவு இரண்டு மணிக்கு வந்தால் எந்த எண்ணைக் கூப்பிடுவது, எடுப்பவர் யார்?